இரண்டாம் எதிராளி

என்னுடைய தங்கச்சியின் பிள்ளைகள் என் மேல் வழக்குப் போட்டபோது மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது, சின்னவனுக்கு எட்டு.

அழைப்பாணையைக் கொண்டு வந்தவர் நீதிமன்றத்துப் பிஸ்கால் உத்தியோகத்தர். நான் முன்பள்ளி முடிந்து வந்து மத்தியானக் கறிக்குப் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மீன் கையோடு கடதாசியைத் தொட வேண்டாம் என்று அவரே சொன்னார். கழுவித் துடைத்துவிட்டு வாங்கி வாசித்தேன். முதலாம் எதிராளி என்று அண்ணனின் பெயர் இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். அதற்குக் கீழே இரண்டாம் எதிராளி என்று என்னுடைய முழுப்பெயர், பேசாலை விலாசத்தோடு. வழக்காளிகள் என்ற இடத்தில் அந்த இரண்டு பிள்ளைகளின் பெயர்களும், பக்கத்தில் ‘பராயமடையாதோர்’ என்ற சொல்லும்.

“ஐயா, இது பிழையா வந்திட்டுது போல. நான் இந்தப் பிள்ளையளின்ர பெரியம்மா.”

“விலாசம் சரிதானே அம்மா?”

“விலாசம் சரி.”

“அப்ப இதில ஒரு கையெழுத்து வையுங்கோ.”

கையெழுத்தை வைத்துக்கொடுத்தேன். என் வாழ்க்கையில் யாராவது ‘இதில் ஒரு கையெழுத்து’ என்று கேட்டு நான் மாட்டேன் என்று சொன்னதாக நினைவில்லை. இந்தக் கதை முழுவதற்கும் அந்தப் பழக்கம்தான் காரணம்.

கடலால் வந்து படுத்திருந்த என் மனிசனை எழுப்பிக் கடதாசியைக் காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “உம்மிலயும் போட்டுட்டாளே!” என்றார். அவர் குரலில் கவலையைவிட வியப்புத்தான் கூட இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் மீதி மீனைப் பூனைக்கு எறிந்துவிட்டேன். அந்தப் பிள்ளைகளுக்கு நான் எதிராளியா? தாய் செத்த நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் சோறு கொண்டு போனவள், தலை இழுத்துப் பின்னிவிட்டவள், சின்னவன் காய்ச்சலில் படுத்தபோது மன்னார் ஆஸ்பத்திரியில் நிலத்தில் பாய் போட்டுக் கிடந்தவள், எதிராளியா?

அந்த வீட்டின் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். சொன்னாலும் முழுவதும் விளங்குமா தெரியாது. எனக்கே இன்னும் சில இடங்களில் விளங்கவில்லை.

நாங்கள் மூன்று பேர். அண்ணன், நான், பத்து வருசம் கழித்துப் பிறந்த தங்கச்சி. சண்டை முடிந்து ஊர் கொஞ்சம் நிமிர்ந்த காலத்தில் வீட்டுத்திட்டம் வந்தது. சும்மா தரமாட்டார்கள். காணி தன் பெயரில் இருக்க வேண்டும், கடதாசியில் வேறு வீடு இருக்கக் கூடாது, குடும்பத்தில் எத்தனை பேர், சின்னப் பிள்ளைகள் எத்தனை என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். காணி அப்பாவின் பெயரில் இருந்தது. ஆனால் அப்பாவும் அம்மாவும் கிழடுகள், கூட இருந்தது கலியாணமாகாத தங்கச்சி மட்டும். மூன்று பேருக்கு என்ன புள்ளி கிடைக்கும்? அண்ணனுக்கோ மனைவியும் மூன்று குழந்தைகளும். அவர் இருந்தது அண்ணியின் சீதன வீட்டில். அதுவும் அப்போது அண்ணியின் தாயின் பெயரிலேயே இருந்ததால் கடதாசிப்படி அண்ணன் வீடில்லாதவர். புள்ளி அள்ளிக்கொண்டு வரும்.

அப்பா ஒரு முடிவு எடுத்தார். காணியை அண்ணனின் பெயருக்கு எழுதுவது. வீடு வரட்டும். வந்த பிறகு அது சின்னவளின் சீதனம். பெயர் மட்டும் இவனுக்கு, வீடு அவளுக்கு. எங்கள் பக்கத்தில் அந்த நாட்களில் இப்படிச் செய்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை. யாரிடம் கேட்டாலும், பேருக்குத்தானே மாற்றுகிறோம் என்பார்கள். ‘பேருக்கு’ என்ற அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் இருந்த மரியாதை எந்த நீதிமன்றத்திலும் இல்லை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

மன்னார் ரவுணில் ஒரு நொத்தாரிசு கந்தோரில் காணி உறுதிப் பத்திரம் எழுதினோம். நன்கொடை உறுதி. அப்பா கையெழுத்து வைத்தார், அண்ணன் வைத்தார், இரண்டு சாட்சிகளில் ஒருத்தியாக நான் வைத்தேன். நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, “எல்லாருக்கும் விளங்கினதுதானே?” என்று கேட்டார். எல்லோரும் ஒன்றாகத் தலையாட்டினோம். வெளியே வந்து அப்பா எங்களுக்கு நெக்டோ சோடா வாங்கித் தந்தார். அவர் மகிழ்ச்சியில் வாங்கித் தந்த மிகச் சில சாமான்களில் அதுவும் ஒன்று. அண்ணன் குடித்துக்கொண்டே, “சின்னவளுக்கு வீடு வந்திட்டுது, இனி மாப்பிள்ளைதான் தேட வேணும்,” என்றார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார். அவர் பொய் சொன்னார் என்று நான் இன்றுவரை நம்பவில்லை.

மாப்பிள்ளையும் தேட வேண்டியிருக்கவில்லை. வீட்டைக் கட்ட வெள்ளாங்குளத்திலிருந்து ஒரு மேசன் வந்தான். அத்திவாரம் வெட்டும்போது அவனுக்குத் தங்கச்சி தேத்தண்ணி கொடுத்தாள், கூரை போடும்போது அவனைத்தான் கட்டுவேன் என்றாள். வேதக்காரனும் இல்லை, கடலுக்குப் போகிறவனும் இல்லை என்று அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அவன் ஞானஸ்நானம் எடுத்தான். கலியாணம் பேசிய அன்று பங்குச் சாமியாருக்கு முன்னால் அப்பா, “இந்த வீடு சின்னவளுக்கு,” என்று சொல்ல, அண்ணன் “ஓம்” என்றார், நானும் “ஓம்” என்றேன். எழுதவில்லை. வீட்டுத்திட்ட வீட்டை இத்தனை வருசத்துக்குக் கைமாற்றக் கூடாது என்று ஒரு நிபந்தனை. அது முடியட்டும் என்றார்கள். முடிவதற்குள் அப்பா போனார். பிறகு அம்மா. உறுதி அண்ணியின் அலுமாரியில் கிடந்தது. அண்ணன் இருக்கிறார்தானே என்று ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

மேசன் நல்லவன். திட்டத்து வீட்டுக்குத் தன் கையால் ஒரு குசினி சேர்த்தான், கிணற்றுக்குக் கட்டுக் கட்டினான். தள்ளாடிச் சந்திப் பக்கம் பஸ்ஸோடு மோதி அவன் செத்தபோது சின்னவனுக்கு மூன்று வயது. பிறகு தங்கச்சிக்கு மார்பில் கட்டி. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, போன வருசம் தவக்காலத்தில் அவளையும் புதைத்தோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் மட்டும். இரவில் நானோ என் மனிசனோ போய்ப் படுப்போம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சொல்லாமல் விட்டால் நான் மறைத்த மாதிரி ஆகிவிடும்.

ஆறு மாதத்துக்குள் அண்ணன் வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். கதைக்க விருப்பமில்லாத விசயத்தைக் கதைக்க வரும்போது அவர் எப்போதும் கதிரையின் நுனியில்தான் இருப்பார். அவருடைய இரண்டாவது மகளுக்கு ஒரு சம்மந்தம் சரி வந்திருக்கிறது, பெடியன் நல்ல இடம், ஆனால் வீடு கேட்கிறார்கள். அண்ணியின் வீடு அவர்களுடைய மூத்த மகளுக்குச் சீதனமாகப் போய்விட்டது.

“நான் அதுகளை நடுத்தெருவில விடவா சொல்லுறன்? உன்னட்ட வந்து இருக்கட்டும். உனக்கும் ஆருமில்லை. வீடு எண்டு பாத்தால் அது என்ர பேரில இருக்கிற வீடுதானே.”

“அண்ணா, அது பேருக்கு எழுதினது.”

“ஓமோம், பேருக்குத்தான். ஆனா எழுதினது எழுதினதுதானே?”

எனக்கு வாய்க்குள் நிறையச் சொற்கள் வந்தன. அவற்றை விழுங்கிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றப் போனேன். அண்ணனிடம் எனக்கு எப்போதும் அப்படித்தான். நாங்கள் மண்டபம் அகதி முகாமில் இருந்த நாட்களில் எனக்குப் படிப்பு வேண்டும் என்று தன் படிப்பை விட்டு இராமேஸ்வரத்தில் வலை இழுக்கப் போனவர் அவர். நான் இன்றைக்கு நாலு பிள்ளைகளுக்கு அரிவரி சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் அது அவர் போட்ட பிச்சை. அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குச் சண்டை பிடிக்க வசதியாக இருந்திருக்கும்.

அவர் போன பிறகு நான் யோசித்தேன். யோசிக்க யோசிக்க அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. பிள்ளைகள் என்னோடு. அண்ணன் மகளுக்குக் கலியாணம். ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஒரு அறையைத் துப்புரவாக்கி யன்னலுக்குப் புதுச்சீலை தைத்துப் போட்டேன். பிறகு மெல்ல மெல்லத் தொடங்கினேன். சோறு கொண்டுபோகும் போது வெறும் பையோடு திரும்புவதில்லை. ஒரு நாள் சின்னவனின் பள்ளிக்கூடச் சட்டைகளைத் தோய்க்க என்று எடுத்து வந்தேன். இன்னொரு நாள் இரண்டு தலையணைகள். அவனுடைய சைக்கிள். மூத்தவளின் பழைய கொப்பிகள். நான் கொண்டு வர, அவள் அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பேசாமல் திருப்பிக்கொண்டு போவாள். சட்டைகள் போயின, மறுபடி வந்தன, மறுபடி போயின. பக்கத்து வீட்டுக்காரி, “என்ன, ரெண்டு வீட்டுக்கும் இடையில கப்பல் விட்டிருக்கிறியளோ?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். பிள்ளைக்குப் பிடிவாதம், தாயைப் போல, என்று சொல்லிவைத்தேன்.

அண்ணனுக்குப் பொறுமை இல்லை. மாப்பிள்ளை வீட்டார் நெருக்கினார்கள். இரண்டு தரம் வந்து படலையில் நின்று சத்தம் போட்டார். பிறகு சட்டத்தரணியின் கடிதம். ஒரு மாதத்துக்குள் வீட்டைவிட்டு எழும்ப வேண்டும். அதை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் பெயருக்கு எழுத ஒருவருக்கும் கை கூசவில்லை. அவள் அதை என்னிடம் காட்டவில்லை. வகுப்பு ரீச்சரிடம் காட்டியிருக்கிறாள். ரீச்சர் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைக்குப் பொறுப்பான இளம் உத்தியோகத்தரான ஒரு பிள்ளையிடம் கூட்டிப்போக, அந்தப் பிள்ளை இலவசமாக வழக்குப் பேசும் ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப்போனதாம். பராயமடையாதவர்கள் தாங்களாக வழக்குப் போட முடியாது, அவர்களுக்காக ஒரு பெரியவர் நிற்க வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். ஆர் நிற்பது என்று கேட்டதற்கு மூத்தவள் என் பெயரைச் சொல்லவில்லை. வெள்ளாங்குளத்து மாமியின் பெயரைச் சொன்னாள்.

மாமி என்றால் தகப்பனின் தமக்கை. விதவை, மூன்று ஏக்கர் வயல்காரி. கலியாணத்துக்கு ஒரு தரம், தம்பியின் செத்தவீட்டுக்கு ஒரு தரம், தங்கச்சியின் செத்தவீட்டுக்கு ஒரு தரம் என்று மூன்றே தரம் நான் கண்ட மனுசி. அவ தன் வீட்டைப் பூட்டி, ஒரு மூட்டை அரிசியோடு பஸ் ஏறி வந்து எங்கள் அம்மாவின் கட்டிலில் படுத்துவிட்டா. காலையில் நெற்றி நிறையத் திருநீறு. ஞாயிற்றுக்கிழமை அந்தத் திருநீற்றோடேயே பிள்ளைகளை மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, பூசை முடியும்வரை வாசலுக்குப் பக்கத்தில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பா. எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், உண்மையில் எரிந்தது.

அழைப்பாணை வந்த அன்று பின்னேரமே நான் அங்கே போனேன். மாமி முற்றத்தில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா.

“வாங்கோ மச்சாள், இருங்கோ,” என்றா.

“எங்கட வீட்டில என்னை இருக்கச் சொல்லுறியளோ?” என்றேன்.

அவ புடைப்பதை நிறுத்தவில்லை. “அதைத்தானே கோட்டில கேக்கினம், இது ஆரின்ர வீடெண்டு. எனக்கு ஒண்டும் வேண்டாம் மச்சாள். அறுவடைக்கு நான் ஊரில நிக்க வேணும். இதுகளுக்கு ஒரு வழி தெரிஞ்சால் அண்டைக்கே போயிடுவன்.”

“என்னையும் ஏன் எதிராளியாப் போட்டவை?”

“உங்கட அப்பான்ர மற்ற உருத்தாளி, வாரிசு, நீங்கள்தானாம், சேர்க்கத்தான் வேணுமாம். அப்பிடித்தான் அந்தச் சட்டத்தரணிப் பிள்ளை சொன்னது. மிச்சத்தை இவளிட்டக் கேளுங்கோ.”

மூத்தவள் உள்ளே மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். “சோதனை பெரியம்மா, படிக்க வேணும்,” என்றாள். நான் கொண்டு போன சோற்றைக் குசினியில் வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்குப் பை வெறுமையாகத்தான் திரும்பியது.

வழக்குக்கு முன் நான் அந்தச் சட்டத்தரணியிடம் ஒரு தரம் போனேன். எதிர்ப்பக்கத்தில் இருக்கிற என்னோடு அதிகம் கதைக்க முடியாது, நீங்கள் வேறு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள் என்றது அந்தச் சட்டத்தரணிப் பிள்ளை. ஆனாலும் வழக்கு என்னவென்று மட்டும் சொன்னது. அப்பா எழுதிக்கொடுத்தது உண்மையான நன்கொடை என்றால் வீடு அண்ணனுடையது, பிள்ளைகள் எழும்பத்தான் வேண்டும். அப்படியில்லாமல், தங்கச்சிக்காக வைத்திருக்கும்படிதான் அண்ணனின் பெயரில் எழுதப்பட்டது என்றால், அண்ணன் அதை நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கிறவர் மட்டும், பிள்ளைகளை எழுப்ப முடியாது. உறுதியில் கையெழுத்து வைத்தவர்களில் அப்பா இப்போது உயிரோடு இல்லை. மற்றச் சாட்சி நொத்தாரிசின் கிளாக்கர், அவரும் இல்லை, நொத்தாரிசும் இல்லை. மிச்சம் இருப்பது இரண்டு பேர்.

“ஆர் ரெண்டு பேர்?” என்று கேட்டேன்.

அந்தப் பிள்ளை உறுதியின் பிரதியைத் திருப்பிக் காட்டியது. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து. அந்த நாட்களில் கடைசி எழுத்துக்கு ஒரு வால் இழுப்பேன், இளம் வயதுத் திமிர். வால் நன்றாக நீண்டிருந்தது.

அன்றிலிருந்து என் தலைக்குள் ஒரு சந்தை இரைந்தது. அது பேருக்கு எழுதியது என்று நான் சொன்னால், எல்லோரும் சேர்ந்து வீட்டுத்திட்டத்தை ஏமாற்றினோம் என்றும் சொன்னதாகும். செத்த அப்பா பொய்யர். உயிரோடு இருக்கிற அண்ணன் பொய்யர். முன்பள்ளியில் பிள்ளைகளுக்குக் களவெடுக்கக் கூடாது, பொய் சொல்லக் கூடாது என்று பாட்டுப் பாடிக் காட்டுகிற நானும் பொய்காரி. அதுமட்டுமா, அண்ணன் மகளின் கலியாணம் குழம்பும். அவளையும் நான்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன். உண்மையான நன்கொடை என்று சொன்னால், தங்கச்சியின் பிள்ளைகள் வெளியே. வெளியே என்றால் எங்கே? என் வீட்டுக்கு. நான் யன்னல் சீலை தைத்துப் போட்ட அறைக்கு. அப்போது அது அவ்வளவு பெரிய அநியாயமா? இந்த இடத்துக்கு வந்ததும் என் மூளை நின்றுவிடும். எத்தனை தரம் யோசித்தாலும் அதே இடத்தில்தான் நின்றது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கேட்டேன். உண்மையைச் சொல்லுங்கள் என்றார். எது உண்மை என்று எனக்குத் தெரியாததுதான் பிரச்சினை என்றேன். கன்னிமரி மாதாவிடம் மன்றாடச் சொன்னார். மன்றாடினேன். அவவும் ஒன்றும் சொல்லவில்லை.

வழக்குக்கு முதல் நாள் அண்ணன் வந்தார். இந்தத் தரம் கதிரையில் இருக்கவும் இல்லை.

“நீ ஒண்டும் பொய் சொல்ல வேண்டாம். கேட்டால், அப்பா எழுதினவர், நான் கையெழுத்து வைச்சனான் எண்டு மட்டும் சொல்லு. அது உண்மைதானே?”

“உண்மைதான்.”

“அப்ப சரி. என்ர பிள்ளையின்ர வாழ்க்கை உன்ர கையில,” என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் அழுது நான் கண்டது அப்பாவின் செத்தவீட்டில் மட்டும்தான். படலைவரை போய்த் திரும்பி வந்து, “பிள்ளையள் உன்னட்ட வந்தால் எனக்கும் சந்தோசம்தான்,” என்றார்.

மன்னார் நீதிமன்றம் அன்றைக்கு வெக்கையில் அவிந்துகொண்டிருந்தது. நீண்ட மர வாங்கில் ஒரு பக்கம் அண்ணன், அண்ணி, அவர்களுடைய சட்டத்தரணி. மறுபக்கம் மாமி, பிள்ளைகள், அந்தச் சட்டத்தரணிப் பிள்ளை. எந்தப் பக்கம் இருப்பது என்று தெரியாமல் நான் நடுவில் கொஞ்சம் நின்றேன். பொலிஸ்காரர் ஒருவர், “இருங்கோ அம்மா, இருங்கோ,” என்று விரட்டியதில் கள்ளச்சாராய வழக்குக்கு வந்த இரண்டு பேருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

நீதிபதி பெண். எங்கள் வழக்கை எடுத்ததும் முதலில் பிள்ளைகள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டா. மாமியையும் உள்ளே விடவில்லை. அரை மணித்தியாலம் இருக்கும். திரும்பி வரும்போது சின்னவனின் கையில் ஒரு டொபி இருந்தது. மூத்தவளின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. பிறகு சட்டத்தரணிகள் கதைத்தார்கள். வழக்கு முடியும்வரை பிள்ளைகளை எழுப்பக் கூடாது என்று ஒரு பக்கம், உறுதி தெளிவாக இருக்கிறது, பெரியதாய் வைத்துப் பார்க்கத் தயாராக இருக்கிறா, பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை என்று மறுபக்கம். பெரியதாய் என்றது என்னை. என்னை வைத்து அண்ணனின் சட்டத்தரணி கதைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“இரண்டாம் எதிராளி வந்திருக்கிறாவா?”

எழுந்தேன்.

“உங்களுக்குச் சட்டத்தரணி இல்லையா?”

“இல்லை அம்மா.”

“இப்போது ஒன்றும் சொல்லத் தேவையில்லை. தவணை கேட்டு ஒரு சட்டத்தரணியோடு வரலாம். இடைக்காலக் கட்டளைக்கு உங்களுக்கு ஆட்சேபனை இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன்.”

ஆட்சேபனை இல்லை என்ற இரண்டு சொல்லோடு நான் இருந்திருக்கலாம். ஆனால் நான் அண்ணனைப் பார்த்துவிட்டேன். அவர் எனக்குத் தலையாட்டினார், நொத்தாரிசு கந்தோரில் எல்லோரும் ஆட்டியது போல. எனக்கு என்ன வந்ததோ தெரியாது.

“அம்மா, அது பேருக்கு எழுதினது,” என்றேன். “வீட்டுத்திட்டத்துக்காக எழுதினது. வீடு தங்கச்சிக்குத்தான். அப்பா சொன்னவர், அண்ணாவும் சொன்னவர், சாமியாருக்கு முன்னால நாங்கள் எல்லாரும் ஓம் எண்டு சொன்னனாங்கள். தெரிஞ்சுகொண்டுதான் நான் கையெழுத்து வைச்சனான். என்னை மறியலில போட்டாலும் பரவாயில்லை.”

கள்ளச்சாராயக்காரரில் ஒருவர் சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை. சத்தியக்கடதாசியாக எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு முதல் சட்ட ஆலோசனை எடுங்கள் என்றா. பிறகு கட்டளையை வாசித்தா. வழக்கு முடியும்வரை வழக்காளிகளான பிள்ளைகளை அந்த வீட்டிலிருந்து வெளியேற்றவோ, வெளியேறும்படி வற்புறுத்தவோ, அவர்களையோ அவர்களுடைய உடைமைகளையோ வேறு இடத்துக்குக் கொண்டுசெல்லவோ கூடாது. முதலாம் எதிராளிக்கும் இரண்டாம் எதிராளிக்கும் சேர்த்து. சிறுவர் உத்தியோகத்தர் மாதாமாதம் போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும்.

எனக்கு நிம்மதியும் அவமானமும் ஒன்றாக வந்தன. பிள்ளைகள் இருப்பார்கள், அது வரைக்கும் சரி. ஆனால் இரண்டாம் எதிராளிக்கும் சேர்த்தா? இப்போதுதானே எல்லோருக்கும் முன்னால் என் மானத்தை விற்று அவர்களுக்காகக் கதைத்தேன்?

வெளியே விறாந்தையில் அண்ணன் என்னைத் தாண்டிப் போனார். “என்ர மகளை நீ நடுத்தெருவில விட்டிட்டாய்,” என்றார், சத்தமில்லாமல். அண்ணி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இனி இந்த உலகத்தில் எனக்கு அண்ணன் இல்லை. மிச்சம் இருப்பது இந்தப் பிள்ளைகள்தான், இவர்களாவது ஓடி வந்து கட்டிப்பிடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஓம், எதிர்பார்த்தேன். மாமி சின்னவனுக்குத் தண்ணீர் வாங்கப் போயிருந்தா. மூத்தவள் தூணுக்குப் பக்கத்தில் தனியே நின்றாள். அவள் வரவில்லை, நான்தான் போனேன்.

“மாமாவைத் தடுக்கிறது சரி,” என்றேன். “என்னையும் ஏன் பிள்ளை தடுக்கச் சொன்னனீ? உருத்தாளி எண்டு பேர் போடுறது வேற. கொண்டுபோகக் கூடாது எண்டு எனக்கும் சேர்த்துக் கட்டளை கேட்டது ஆர்? நீயோ?”

“ஓம். நான்தான் சொன்னனான்.”

“நான் உங்களுக்கு என்ன செய்தனான்? மாமா மாதிரிச் சத்தம் போட்டனானா?”

அவள் குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினாள். அழுவாளோ என்று பார்த்தேன். அழவில்லை.

“மாமா சத்தம் போட்டால் கதவைப் பூட்டிப்போட்டு உள்ளுக்க இருக்கலாம் பெரியம்மா. அவர் கத்திப்போட்டுப் போயிடுவார். நீங்கள் சோத்தோட வாறனீங்கள். உங்களுக்கு எப்பிடிக் கதவைப் பூட்டுறது?”

உங்களுடைய நன்மைக்குத்தான் என்ற சொல் என் வாயில் ஆயத்தமாக நின்றது.

“தம்பி ஒவ்வொரு நாளும் கேக்கிறவன், இண்டைக்குப் பெரியம்மா என்னத்தைக் கொண்டுபோவா எண்டு,” என்றாள். “அவனுக்கு உங்களில விருப்பம். அதான் எனக்குப் பயம்.”

“கட்டளையில வர வேண்டாம் எண்டு இல்லையே,” என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுவதாகக் கேட்டது.

“இல்லைத்தான்.” அவள் என் கையைப் பிடித்தாள், பெரியவர்கள் செத்தவீட்டில் பிடிப்பது போல. “ஆனா கொஞ்ச நாளைக்குக் கோயில்ல காணுவம் பெரியம்மா.”